வழிவாய்க்கால் பாத்தியதை

மத்தியஸ்த சபைக்கு ஒரு கட்டிடம்.
கோண்டாவிலில் நாலரைப் பரப்பு,
நடுவில் தூர்ந்துபோன கிணறு.
தம்பாபிள்ளை நொத்தாரிசின் நினைவாக என்று
கடிதத்தின் மூன்றாம் வரி.
வாசலில் வைக்கும் மார்பளவுச் சிலைக்கு
அளவும் அவர்களே தந்திருந்தார்கள்:
பீடம் மூன்றடி,
தலைப்பாகை தனிக்கணக்கு.

சிலையை நான் கீறவில்லை.
அவர் முடித்த உறுதிகளை வாசித்தேன்,
காணிக் கந்தோரில் பதினொரு நாள்,
மின்விசிறி தாளைப் புரட்டாமல்
ஒரு கையால் அமர்த்திக்கொண்டு.

கிழக்கு ஒழுங்கை.
வடக்கு சின்னப்பொடி பெண் வள்ளிப்பிள்ளை.
மேற்கு வடலி.
தெற்கு இதே காணியின் மிச்சம்.
இதற்குள் அடங்கிய நிலமும்
வான்பயிரும் செய்பயிரும்
கிணற்றில் மூன்றிலொரு பங்கும்
துலா மிதிப்பவர் வந்துபோகும் வழியும்
தண்ணீர் ஓடும் வாய்க்காலும்.

பேச்சு முறிந்த அண்ணன் தம்பிக்கு
முற்றத்தை வெட்டிப் பிரித்த உறுதியிலும்
நடுவே நாலடி விட்டிருந்தார்.
நிலத்தைப் பிரி, நடையைப் பிரிக்காதே
என்று அவர் எங்கும் எழுதவில்லை.
எழுதியிருந்தால்
சுவரில் பொறித்துவிட்டு நித்திரைக்குப் போயிருப்பேன்.
எழுதாதபடியால்
கட்டவேண்டி வந்தது.

கட்டிடத்தை ஊடறுத்து நாலடி ஒழுங்கை.
வழக்கில்லாதவர்களும் போகலாம்:
ரியூசன் பிள்ளைகள், மீன்காரரின் சைக்கிள், யாருடையதோ ஆடு.
முறைப்பாட்டுக்காரருக்கு ஒரு வாசல்,
எதிராளிக்கு ஒரு வாசல்.
இரண்டும் கிணற்றடியில்தான் திறக்கும்;
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்
கதிரைக்குப் போக முடியாது.
தலைவருக்கு மேடை இல்லை.
யன்னல், இருப்பவரின் கண்மட்டத்தில்.
பிடிவாதம் முற்றுகிற நேரம்
வெளியே முருங்கையைப் பார்க்கட்டும்.

பன்னிரண்டாம் நாள் இன்னோர் உறுதி.
அதே சரிந்த எழுத்து. அதே கவனம்.
ஒரு சாதியைப் பெயர் சொல்லி,
மேற்படியார் இக்கிணற்றைத் தீண்டவும் அள்ளவும் ஆகாது,
வேண்டுமிடத்துப் பிறர் ஊற்றப் பெறுவாராக.

நான் வாய்விட்டு வாசிக்கவில்லை.
படமெடுக்க வந்த கஜீபன்
கமராவைக் குனித்துப் பிடித்தபடி வாசித்தான்.
"அக்கா, இதையும் எடுக்கிறதோ?"
"எடும்."
இரண்டு தரம் எடுத்தான்.
முதலாவது அசைந்துவிட்டதாம்.

அன்றிரவு ஒழுங்கையை அழித்தேன்.
திரும்பக் கீறினேன்.
அழித்தேன்.
யாருடைய காலுக்கு அளந்த நாலடி இது?
அவர் உறுதியோரத்தில் போட்ட சிறு படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.
எல்லாவற்றிலும் வழி
கிணற்றுக் கட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்கிறது.
பேனை மை தீர்ந்ததென்று
இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.
அளவுகோலுக்கு அது ஐந்தடி.

கூட்டத்தில் செயலாளர் கேட்டார்,
சிலை எங்கே?
வழியைக் காட்டினேன்.
வெள்ளைக்கல் பாவி வரும் ஒழுங்கை,
அவர் நிறுத்திய இடத்தில் கறுப்பாகி,
படலையில்லாமல், படியில்லாமல்,
கிணற்றுக் கட்டில் போய் முட்டும்.
வாளி இரண்டு. கயிறு பொது.
அவர் பேரை வைப்பதென்றால்
வெள்ளைக்கல் முடிகிற இடத்தில் வையுங்கள் என்றேன்.
ஒருவர் தொண்டையைச் செருமினார்.
ஒருவர் பிளேன்ரீயைக் குடித்து முடித்தார்.
கறுப்புக் கல்லுக்கு மேலதிகச் செலவு எவ்வளவென்று
எழுத்தில் தரச் சொன்னார்கள்.

இன்று காலை காணியில்
நாடாவின் ஒரு நுனி என் கையில்.
மறுநுனியோடு கஜீபன் நடந்துபோய்க்
கிணற்றுக் கட்டில் ஏறி இருந்துகொண்டான்.
"ஐந்தடி இரண்டங்குலம், அக்கா.
அந்த இரண்டங்குலத்தை என்ன செய்யிறது?"

"சேர்த்துப் போடும்."